மண்ணின் பதமும் இரும்பின் பதமும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் கொழுவின் தேய்மானமும் இழுவிசையும்

ஆய்வுச்சுருக்கம்

கரிசல் நிலத்தில் உழவுக் கொழு விரைவில் மழுங்குவதற்குக் களிமண்ணின் கடுமையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. களிமண் இரும்பைவிடப் பன்மடங்கு மென்மையானது என்பதால் இக்கருத்து மறுபார்வைக்குரியது. கொழு தேய்வதற்கு மண்ணில் கலந்துள்ள குவார்ட்சுத் துகள்களும், கொழு முறிவதற்குச் சுக்கான்கற்களும், இழுவிசை கூடுவதற்கு மண்ணின் ஈரநிலையும் முதன்மைக் காரணங்களாகின்றன. இம்மூன்றையும் இக்கட்டுரை தனித்தனியே விளக்குகிறது. உலைக்களத்தில் கொழுவுக்கு ஏற்றப்படும் பதத்தின் உலோகவியல் அடிப்படை எடுத்துரைக்கப்படுகிறது. வன்மையேற்றிய எஃகைக் கடையும்போது கருவிமுனையில் நிகழும் தேய்மானத்துடன் கொழுவின் தேய்மானம் ஒப்பிடப்படுகிறது. மாட்டு ஏரில் உழுபவரின் கை உணர்ந்த தேய்மானம் டிராக்டர் உழவில் உணரப்படாமல் போவதும், அதனால் உழவின் ஆழம் குறைவதும் மானாவாரி வேளாண்மைக்கு இழப்பாகின்றன என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: கரிசல் மண், கொழு, தேய்மானம், இழுவிசை, தோய்ச்சல், பதம், கோவில்பட்டி, மானாவாரி உழவு

1. முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளும், அவற்றை ஒட்டிய விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளும் தென் தமிழகத்தின் கரிசல் வட்டாரமாக அறியப்படுகின்றன. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், சூரியகாந்தி ஆகியவை இங்கு மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 முதல் 750 மி.மீ. வரை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. பெய்கின்ற மழையை நிலத்துக்குள் இறக்கி வைப்பதே இவ்வட்டார உழவின் முதல் நோக்கம்.

இவ்வட்டார வேளாண்மை குறித்த ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து பருத்தி, சிறுதானியம், மானாவாரிச் சாகுபடி ஆகியவற்றில் ஆய்வு செய்துவருகிறது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. விதை, உரம், பருவம் ஆகியவை குறித்து விரிவாகப் பேசப்படும் அளவுக்கு, மண்ணை வெட்டும் இரும்புமுனை குறித்துத் தமிழில் பேசப்படுவதில்லை. கலப்பையைச் சங்க இலக்கியம் ‘நாஞ்சில்’ என்று குறிப்பிடுகிறது. இத்துணைத் தொன்மையான கருவியின் முனை எவ்வாறு தேய்கிறது, தேய்ந்தால் என்ன நேர்கிறது என்பவை இயந்திரவியலும் மண்ணியலும் சந்திக்கும் வினாக்களாகும்.

தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘பதம்’ என்னும் ஒரே சொல் இருவேறு பொருள்களைக் குறிக்கப் பயன்படுகிறது. உழவுக்கேற்ற ஈரத்தில் உள்ள நிலத்தை ‘மண் பதமாக இருக்கிறது’ என்பர். கூர்மையும் உறுதியும் ஒருங்கே அமைந்த கருவியை ‘அரிவாள் பதமாக இருக்கிறது’ என்பர். தொழிற்பயிற்சி நூல்களும் எஃகைக் கடினப்படுத்தியபின் மீண்டும் மிதமாகச் சூடாக்கும் செயலைப் ‘பதப்படுத்துதல்’ என்றே குறிக்கின்றன. மண்ணின் பதமும் இரும்பின் பதமும் பொருந்தும்போதுதான் உழவு எளிதாகிறது என்னும் கருத்தை இச்சொல்லாட்சியை அடியொற்றி விளக்கலாம்.

2. கரிசல் மண்ணின் இயல்பு

மண்ணியல் வகைப்பாட்டில் கரிசல் மண் ‘வெர்டிசால்’ எனப்படுகிறது. குறைந்தது 30 விழுக்காடு களிமண் இருப்பதும், உலரும்போது ஆழ்ந்த வெடிப்புகள் விழுவதும், உள்மண் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி மெருகேறிய பரப்புகளைப் பெறுவதும் இதன் அடையாளங்கள். இதில் மிகுதியாக உள்ள மான்ட்மோரில்லோனைட்டு வகைக் களிமம், நீரைத் தன் அடுக்குகளுக்கிடையே ஏற்று விரிந்து, நீர் நீங்கும்போது சுருங்கும் இயல்புடையது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும் நிலம், மழைக்காலத்தில் வெடிப்புகளை மூடிக்கொண்டு காலில் ஒட்டும் சேறாவதற்கு இதுவே காரணம்.

தக்காணப் பீடபூமியின் கரிசல் பெரும்பாலும் எரிமலைக் குழம்புப் பாறையான பசால்ட்டிலிருந்து உருவானது. தென் தமிழகக் கரிசலோ நைஸ் முதலிய உருமாறிய பாறைகளின் சிதைவிலிருந்து உருவானது. இந்த வேறுபாடு கொழுவின் தேய்மானத்தை ஆராய்வோர்க்கு இன்றியமையாதது. பசால்ட்டுப் பாறையில் குவார்ட்சு மிகக் குறைவு. நைஸ் பாறையில் அது முதன்மைக் கனிமங்களுள் ஒன்று. பாறை சிதையும்போது ஏனைய கனிமங்கள் களிமமாக மாறினாலும் குவார்ட்சு எளிதில் மாறுவதில்லை; மணல் துகளாகவும், நாட்டு வழக்கில் வெங்கச்சங்கல் எனப்படும் வெள்ளைக் கல்லாகவும் அது மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கரிசலின் அடிமண்ணில் சுண்ணாம்புச் சத்து திரண்டு சுக்கான்கல்லாக உருவாவதும் இவ்வட்டாரத்தில் இயல்பு. ஆகவே, கொழு எதிர்கொள்வது களிமண், குவார்ட்சுத் துகள், சுக்கான்கல் ஆகிய மூன்றும் கலந்த ஒரு கலவையை ஆகும்.

3. மண் எதிர்க்கும் விசை

மண் வெட்டுப்படும்போது காட்டும் எதிர்ப்பைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1773-இல் அளித்த ஆய்வுரையில் இரு கூறுகளாகப் பிரித்தார். ஒன்று மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிணைப்பு. மற்றொன்று துகள்களுக்கிடையேயான உராய்வு. உழவுக் கருவிகளுக்கு இதனை விரித்துரைத்த ரீஸ் 1965-இல் வெளியிட்ட சமன்பாட்டில், கருவியின் மீதான விசை நான்கு கூறுகளின் கூட்டுத்தொகையாகத் தரப்பட்டுள்ளது. அவை மண்ணின் எடை, மண்ணின் உட்பிணைப்பு, மண் இரும்பில் ஒட்டும் ஒட்டுவிசை, மேற்பரப்பின் மீதுள்ள சுமை ஆகியவை. ஆழமில்லாத உழவில் எடைக் கூறு சிறியது. மேற்சுமை பெரும்பாலும் இல்லை. எனவே, கரிசலில் உட்பிணைப்பும் ஒட்டுவிசையுமே இழுவிசையைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் ஈரத்தைப் பொறுத்து எதிரெதிராக மாறுகின்றன.

அ) உலர்நிலை: நீர் நீங்கிச் சுருங்கிய களிமண்ணில் உட்பிணைப்பு மிகுதி. மண் வெட்டுப்படாமல் பெருங்கட்டிகளாகப் பெயர்கிறது. இழுவிசை ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குகிறது. கட்டி பெயரும் கணத்தில் திடீரென வீழ்ந்து, அடுத்த கட்டியில் மீண்டும் உயர்கிறது. கொழுவின் மீது தொடர் தாக்கம் ஏற்படுகிறது.

ஆ) சேற்றுநிலை: உட்பிணைப்பு குறைந்தாலும் ஒட்டுவிசை உயர்கிறது. மண் கொழுவிலும் கலப்பையின் உடலிலும் அப்பிக்கொள்கிறது. அந்நிலையில் இரும்பு மண்ணை வெட்டுவதில்லை; இரும்பில் ஒட்டிய மண்ணே எதிரிலுள்ள மண்ணைத் தள்ளுகிறது. இழுவிசை கூடுவதோடு மண்ணின் கட்டமைப்பும் சிதைகிறது.

இ) பதநிலை: கையில் பிடித்தால் உருண்டு, விரலால் அழுத்தினால் உதிரும் நிலை. உட்பிணைப்பு, ஒட்டுவிசை இரண்டும் மிதமாக இருப்பதால் குறைந்த விசையில் மண் பொலபொலவென்று உடைகிறது.

சுவீடன் நாட்டு அறிஞர் ஆட்டர்பெர்க் 1911-இல் வரையறுத்த குழைம எல்லைக்குச் சற்றுக் கீழான ஈரத்தில் இப்பதநிலை அமைகிறது. மணற்பாங்கான செம்மண்ணில் இந்நிலை நீண்ட நாள் நீடிக்கும். கரிசலில் மழைக்குப் பிந்தைய சில நாள்களுக்கு மட்டுமே கிடைக்கும். வட்டாரத்தின் எல்லா நிலங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பதத்துக்கு வருவதால் ஏருக்கும் டிராக்டருக்கும் ஒரே நேரத்தில் தேவை எழுகிறது. முறைக்குக் காத்திருந்தவரின் நிலம் பதம் தவறிவிடுகிறது.

இவ்விசையின் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். உழவு மாடு தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையைத் தொடர்ந்து தர இயலும் என்பது பொதுவிதி. இரு மாடுகளின் மொத்த எடை 700 கிலோ எனக் கொண்டால், இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு, அதாவது 700 நியூட்டனுக்குச் சமம். சால் அகலம் 15 செ.மீ. எனில் ஓர் ஏக்கரை ஒரு முறை உழ ஏறத்தாழ 27 கி.மீ. நடக்க வேண்டும். இவ்விசையும் தொலைவும் பெருகிய ஆற்றல் ஏறத்தாழ 19 மெகாஜூல். மின் அலகில் கூறினால் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். மழுங்கிய கொழுவால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடினால், அதே நிலத்தை உழ மாடுகள் மேலும் ஏறத்தாழ 4 மெகாஜூல் உழைக்க வேண்டும். அத்தகைய கூடுதல் உழைப்பை மாடுகளால் நாள் முழுவதும் தர இயலாது; எனவே உழவின் ஆழமோ, ஒரு நாளில் உழப்படும் பரப்போ குறையும்.

4. இரும்பைத் தேய்க்கும் பொருள்

இரு பரப்புகள் அழுத்தத்தில் உராயும்போது இழக்கப்படும் பொருளின் பருமன், சுமைக்கும் உராய்ந்த தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், தேயும் பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது ஆர்ச்சர்டு 1953-இல் வெளியிட்ட தேய்மான விதி. இவ்விதியின்படி கொழுவை இருமடங்கு கடினமாக்கினால் தேய்மானம் பாதியாகக் குறைய வேண்டும். ஆனால், கடினமான துகள்களால் நேரும் அராவல் தேய்மானத்தில் மற்றொரு நிபந்தனையும் உண்டு. தேய்க்கும் துகள் தேயும் உலோகத்தைவிடத் தெளிவாகக் கடினமாக இருந்தால்தான் அது உலோகத்தைக் கீறி எடுக்கும். மென்மையான துகள் கீறுவதற்குப் பதிலாகத் தானே நசுங்கிவிடும்.

கொழுவோடு தொடர்புடைய பொருள்களின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

மெல்லிரும்பு: 120 – 150
சுக்கான்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டு: 110 – 150
கடினப்படுத்திப் பதப்படுத்திய வில்பட்டை எஃகு: 400 – 500
பதப்படுத்தாத, கரிமம் மிகுந்த கடின எஃகு: 800 – 900
குவார்ட்சு: 1000 – 1200
குரோமியம் கார்பைடு: 1500-க்கு மேல்

களிமம் இப்பட்டியலில் இடம்பெறும் அளவுக்குக்கூடக் கடினமானதன்று. மோ அளவுகோலில் அதன் இடம் 1-க்கும் 2-க்கும் இடைப்பட்டது. எனவே, களிமண் தானாக இரும்பைக் கீற இயலாது. சுக்கான்கல்லும் பதமேற்றிய எஃகைக் கீற இயலாது. இவற்றுள் எஃகைக் கீற வல்லது குவார்ட்சு மட்டுமே. களிமண்ணின் பங்கு மறைமுகமானது: உலர்ந்த களிமண் குவார்ட்சுத் துகளை இறுகப் பற்றி நிறுத்திக்கொள்கிறது. தளர்ந்த மணலில் துகள் உருண்டு விலகிவிடும். இறுகிய கரிசல் கட்டியில் பதிந்த துகள் உப்புத்தாளில் ஒட்டிய துகளைப் போல நின்று கீறும். ஆகவே, உலர்நிலை உழவில் இழுவிசையும் தேய்மானமும் ஒருங்கே உயர்கின்றன. இரண்டுக்கும் மூலம் வேறு. ஆனால் உலர்ந்த மண்ணின் இறுக்கம் இரண்டையும் மிகுவிக்கிறது.

சுக்கான்கல்லால் நேரும் சேதம் வேறுவகையானது. அது கொழுவைத் தேய்ப்பதில்லை. திடீர்த் தாக்கத்தால் முனையை முறிக்கவோ வளைக்கவோ செய்கிறது. இதனால் கொழுவுக்கு இரு முரண்பட்ட பண்புகள் தேவையாகின்றன. குவார்ட்சை எதிர்க்கக் கடினம் வேண்டும். சுக்கான்கல்லைத் தாங்க முறியாத் தன்மை வேண்டும். எஃகில் ஒன்று கூடினால் மற்றது குறைவது இயல்பு.

கடினத்தை உயர்த்துவதால் கிடைக்கும் பயனுக்கும் எல்லை உண்டு. சோவியத்து அறிஞர் குருஷ்சோவ் நிகழ்த்திய அராவல் ஆய்வுகளின்படி, தூய உலோகங்களில் தேய்மான எதிர்ப்பு கடினத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. வெப்பமுறையால் கடினப்படுத்திய எஃகிலோ அவ்வளவுக்கு உயர்வதில்லை. 150 விக்கர்ஸ் இரும்பை 450-க்கு உயர்த்தினால் கொழுவின் ஆயுள் மும்மடங்காகும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது. ஆயினும் ஆயுள் கூடும் என்பதில் ஐயமில்லை. அக்கூடுதல் முறிவால் வீணாகாமல் காப்பதே கொல்லரின் திறன்.

5. உலைக்களத்தில் ஏறும் பதம்

நாட்டுக் கலப்பையின் உடல் கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரத்தால் ஆனது. அதன் முனையில் பொருத்தப்படும் பட்டை அல்லது கம்பி வடிவ இரும்பே கொழு. முனை தேயத் தேயக் கொழுவை முன்னோக்கித் தள்ளிப் பொருத்திக்கொள்ளும் வகையில் இவ்வமைப்பு இருக்கும். முற்றும் மழுங்கியபின் அது உலைக்களத்துக்குச் செல்லும். துருத்தி ஊதிய கரிநெருப்பில் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து முனை நீட்டப்படும். தேவையான இடத்தில் புதிய துண்டு பற்றவைக்கப்படும். அரிவாள், களைக்கொத்து முதலியவற்றுக்குத் தமிழகக் கொல்லர் பரவலாகப் பயன்படுத்தும் லாரியின் பழைய வில்பட்டை, நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு கரிமம் கொண்ட எஃகு. தோய்ச்சல் ஏறுவதற்குப் போதிய கரிமம் அதில் உண்டு. மெல்லிரும்பில் கரிமம் மிகக் குறைவாதலால் எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் அது குறிப்பிடத்தக்க கடினம் பெறுவதில்லை.

கொல்லர் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் தோய்ச்சல் முறையின் படிகள் நுட்பமானவை. கரிம எஃகு 727 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும்போது அதன் உள்ளமைப்பு மாறுகிறது. செந்நிறம் இந்த வெப்பநிலையைக் காட்டும் அளவுகோலாகிறது. அந்நிலையில் முனையை மட்டும் நீரில் தோய்த்தால், அப்பகுதி திடீரெனக் குளிர்ந்து மார்ட்டென்சைட்டு என்னும் கடினமான, ஆனால் நொறுங்கும் அமைப்பைப் பெறுகிறது. கொழுவின் உடற்பகுதி இன்னும் சூடாகவே இருக்கும். முனையை வெளியே எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், உடற்பகுதியின் வெப்பம் முனையை நோக்கிப் பரவும்போது பரப்பில் நிறங்கள் ஓடுவதைக் காணலாம். ஏறத்தாழ 220 – 240 டிகிரியில் வைக்கோல் மஞ்சளும், 260-ஐ ஒட்டிப் பழுப்பும், 280-ஐ ஒட்டி ஊதாவும், 300-ஐ ஒட்டி நீலமும் தோன்றும். வேண்டிய நிறம் முனையை எட்டும் கணத்தில் மீண்டும் நீரில் தோய்த்து வெப்பப் பரவல் நிறுத்தப்படும். மஞ்சளில் நிறுத்தினால் முனை கடினம் மிக்கதாகவும் எளிதில் முறிவதாகவும் இருக்கும். நீலத்தில் நிறுத்தினால் கடினம் சற்றுக் குறைந்து முறியாத் தன்மை கூடும்.

இங்ஙனம் ஒரே இரும்பில் முனை கடினமாகவும் உடல் முறியாததாகவும் அமைகின்றன. முந்தைய பகுதியில் கூறிய முரண்பட்ட இரு தேவைகளும் இதனால் நிறைவேறுகின்றன. எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது நிலத்தைப் பொறுத்தது. சுக்கான்கல் மிகுந்த நிலத்துக்கு நீலத்தை நெருங்கிய பதமும், கல் குறைந்து மணல் கலந்த நிலத்துக்குப் பழுப்பை ஒட்டிய பதமும் உலோகவியல் நோக்கில் ஏற்றவை. கொழுவைத் தந்தவரின் நிலத்தை அறிந்த உள்ளூர்க் கொல்லரால் இதனைத் தீர்மானிக்க இயலும். தொலைவிலுள்ள தொழிற்சாலையில் ஒரே அச்சில் உருவாகும் கொழு எல்லா நிலத்துக்கும் ஒரே பதத்தில்தான் வருகிறது.

கொழுவின் இரு முகங்களுக்கு இருவேறு கடினம் தருவதும் உலகெங்கும் அறியப்பட்ட உத்தி. இங்கிலாந்தின் ராபர்ட் ரான்சம் 1803-இல் காப்புரிமை பெற்ற வார்ப்பிரும்புக் கொழுவில், அடிப்புறம் குளிர்ந்த உலோக அச்சில் படிந்து விரைவாக இறுகியதால் மேற்புறத்தைவிடக் கடினமானது. உழும்போது மென்மையான மேற்புறம் முதலில் தேய்ந்து, கடினமான அடிப்புற விளிம்பு கூர்மையாக எஞ்சியது. இன்று கொழுவின் ஒரு முகத்தில் மட்டும் குரோமியம் கார்பைடு கலந்த பற்றுக்கம்பியால் கடினப்பூச்சு இடும் முறைக்கும் இதுவே அடிப்படை.

6. தேய்ந்த முனையும் மேல்நோக்கிய விசையும்

கொழு தேயும்போது முனை நீளத்தில் குறைவதோடு வடிவத்திலும் மாறுகிறது. கூர்விளிம்பு உருண்டு, அதன் அடிப்புறத்தில் ஒரு தட்டையான தேய்வுப்பட்டை தோன்றுகிறது. கூரிய கொழுவின் அடிப்புறம் சாலின் தரையைத் தொடாமல் சற்று விலகியிருக்கும். தேய்வுப்பட்டை தோன்றியபின் அடிப்புறம் தரையை அழுத்திக்கொண்டு நகர்கிறது. தரையும் கொழுவை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதன் விளைவாகக் கொழு ஆழமாக இறங்க மறுத்து மேலெழ முனைகிறது.

இதே நிகழ்வை இயந்திரப் பட்டறைகளிலும் காணலாம். ராக்வெல் சி அளவில் 45-க்கு மேல் வன்மையேற்றிய எஃகைக் கடைவது ‘கடினக் கடைசல்’ எனப்படுகிறது. வென்டார்ஃப் 1957-இல் ஆய்வகத்தில் உருவாக்கி, 1969 முதல் வணிக அளவில் கிடைக்கத் தொடங்கிய கனசதுரப் போரான் நைட்ரைடு இத்தொழிலுக்கு வழிவகுத்தது. இங்கு வெட்டின் ஆழம் மிகக் குறைவாதலால் கருவியின் உருண்டை மூக்குப்பகுதியே வெட்டுகிறது. அதனால் வேலைப்பொருளின் சுற்றுத்திசையில் அமையும் முதன்மை வெட்டுவிசையைவிட, கருவியைப் பொருளிலிருந்து விலக்கித் தள்ளும் விசை பெரிதாவதும் உண்டு. கருவியின் பக்கவாட்டில் தேய்வுப்பட்டை அகலும்போது முதலில் விரைந்து உயர்வதும் இத்தள்ளுவிசையே. கடைசல் கருவிகளின் ஆயுளுக்கான ஐஎஸ்ஓ 3685 தரநிலை, சீரான பக்கத்தேய்வின் சராசரி அகலம் 0.3 மி.மீ. ஆகும்போது கருவியின் ஆயுள் முடிந்ததாகக் கொள்கிறது. தேய்மானத்தை இவ்வாறு எண்ணால் வரையறுக்கும் மரபு, ‘உலோகங்களை வெட்டும் கலை’ குறித்து எஃப். டபிள்யூ. டெய்லர் 1907-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது.

இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. உலோகம் வெட்டுகையில் வேகமும் வெப்பமும் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. உழவில் வேகம் மிகக் குறைவு. ஈரமண் குளிர்விக்கவும் செய்கிறது. ஆதலால் வெப்பத்தால் கொழு மென்மையாகும் வாய்ப்பு இல்லை. பதம் கடைசிவரை நிலைக்கும். ஆனால், அடிப்புறத் தேய்வுப்பட்டை தோன்றியதும் முதலில் உயர்வது முன்னோக்கிய விசையன்று, குறுக்கே தள்ளும் விசையே என்பது இரண்டுக்கும் பொதுவான உண்மை.

மாட்டு ஏரில் இம்மாற்றத்தை முதலில் அறிந்தது மேழி பிடித்த கை. கொழு மேலெழும்போது உழுபவர் மேழியை அழுத்த வேண்டியிருக்கிறது. மாடுகள் திணறுவதற்கு முன்பே கை சோர்வடைகிறது. கொழுவை உலைக்களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டதை எந்த அளவுகோலும் இன்றி அச்சோர்வு உணர்த்தியது.

7. டிராக்டர் உழவில் மறையும் அறிகுறி

இன்று கரிசல் வட்டார உழவின் பெரும்பகுதி டிராக்டரில் பூட்டிய கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, சுழல் கலப்பை ஆகியவற்றால் நடைபெறுகிறது. ஒன்பது கொத்துக் கலப்பையின் மொத்த அகலம் 2.1 மீட்டர் எனக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஒவ்வொரு கொத்தும் உராயும் தொலைவு ஏறத்தாழ 1.9 கி.மீ. மட்டுமே. நாட்டுக் கலப்பையின் 27 கி.மீ.யோடு ஒப்பிட்டால் இது பதினான்கில் ஒரு பங்கு. இதனால் ஒரு விவசாயியின் நிலத்தில் நேரும் தேய்மானம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால், நாளொன்றுக்குப் பத்து ஏக்கர் உழும் டிராக்டரின் கொத்து அன்றைக்கே 19 கி.மீ. உராய்கிறது. டிராக்டர்ச் சக்கரம் அழுத்திய தடத்தின் பின்னே வரும் கொத்துகள் இறுகிய மண்ணை வெட்டுவதால் ஏனையவற்றைவிட விரைந்து தேய்கின்றன. எனவே, ஒரே கலப்பையிலுள்ள கொத்துகளுக்கிடையே ஆழ வேறுபாடு தோன்றுகிறது.

தேய்ந்த கொத்து மேலெழும்போது அதனை அழுத்தும் கை இங்கு இல்லை. உழவின் ஆழம் குறைகிறது. ஆழம் குறைவதால் இழுவிசை கூடாமலே இருக்கலாம். டீசல் செலவும் உயராமல் இருக்கலாம். ஓட்டுநருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. வாடகை மணிக்கணக்கில் அமைவதால், கொத்தை மாற்றும் செலவு டிராக்டர் உரிமையாளரையும், ஆழம் குறைந்த உழவின் இழப்பு நில உரிமையாளரையும் சேர்கின்றன. தேய்மானத்தின் செலவும் விளைவும் இருவேறு கைகளில் பிரிந்துவிட்டதால், அதனைக் கவனிக்கும் பொறுப்பு எவரிடமும் தங்குவதில்லை.

மானாவாரி நிலத்தில் இவ்விழப்பு சிறிதன்று. கோடை மழையையும் பருவத்தின் முதல் மழையையும் உள்வாங்கும் திறன் உழவின் ஆழத்தைப் பொறுத்தது. பருவமழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் விதைக்கும் முறை கோவில்பட்டி வட்டாரத்துக்கு ஆராய்ச்சி நிலையத்தால் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. அதற்கான நிலத் தயாரிப்பு, கொழுவுக்கு மிகக் கடினமான உலர்நிலையில் நிகழ நேர்கிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் 1972-இல் நிறுவப்பட்ட சர்வதேச அரைவறட்சி வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலங்களுக்கு வகுத்த தொழில்நுட்பத் தொகுப்பில், அறுவடை முடிந்தவுடன் மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே முதல் உழவை முடித்துவிடும் பரிந்துரை இடம்பெற்றது. இழுவிசையைக் குறைக்கும் அம்முறை, துகள்களை மண் இறுகப் பற்றுவதற்கு முன்பே உழுவதால் தேய்மானத்தையும் குறைக்கும்.

8. அளந்தறியும் வழிகள்

கை உணர்ந்ததை இனி அளவுகோல் உணர்த்த வேண்டும். அதற்குரிய முறைகள் எளியவை. புதிய கொத்தை எடையிட்டுக் குறித்துக்கொண்டு, குறிப்பிட்ட ஏக்கர் உழுதபின் மண் நீக்கி மீண்டும் எடையிட்டால் ஏக்கருக்கான பொருளிழப்பு கிடைக்கும். முனையின் நீளத்தையும் அடிப்புறத் தேய்வுப்பட்டையின் அகலத்தையும் அளவுகோலால் அளக்கலாம். உழவின் ஆழத்தைச் சாலின் பல இடங்களில் குச்சியால் அளந்து, தேய்வுப்பட்டையின் அகலத்தோடு ஒப்பிட்டால், எந்த அகலத்தில் ஆழம் குறையத் தொடங்குகிறது என்பது தெரியவரும். கடைசல் கருவிக்கு 0.3 மி.மீ. என்பது போல, கரிசலில் உழும் கொத்துக்கும் ஒரு மாற்று எல்லையை இவ்வாறு வகுக்க இயலும். உழவு நாளின் மண் ஈரத்தையும், மண்ணிலுள்ள மணல், சுக்கான்கல் அளவையும் உடன் பதிவுசெய்தால்தான் இவ்வெல்லை பிற நிலங்களுக்கும் பயன்படும்.

கோவில்பட்டியில் மானாவாரி வேளாண்மைக்கான ஆராய்ச்சி நிலையமும், 1984-இல் தொடங்கப்பட்ட நேஷனல் பொறியியற் கல்லூரியும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. மண்ணியலும் இயந்திரவியலும் இணைந்து செய்ய வேண்டிய இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற சூழல் இங்கு உள்ளது. வெவ்வேறு பதத்தில் தோய்ச்சல் ஏற்றிய கொத்துகளை ஒரே கலப்பையில் இடம் மாற்றி மாற்றிப் பொருத்தி உழுதால், சக்கரத் தடத்தின் தாக்கத்தை நீக்கிப் பதத்தின் தாக்கத்தை மட்டும் பிரித்தறிய முடியும். உள்ளூர்க் கொல்லரின் நிறமறியும் திறனை வெப்பநிலை, கடின அளவீடுகளோடு இணைத்துப் பதிவுசெய்வதும் அவ்வாய்வின் பகுதியாக அமையலாம்.

9. முடிவுரை

கரிசலில் கொழு தேய்வதற்குக் களிமண் நேரடிக் காரணமன்று. நைஸ் பாறை விட்டுச்சென்ற குவார்ட்சே காரணம். கொழு முறிவதற்குச் சுக்கான்கல்லும், இழுவிசை கூடுவதற்கு ஈரம் பதம் தவறுவதும் காரணங்கள். மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு: தேய்மானத்துக்குக் கடினமான முனை, முறிவுக்கு உறுதியான உடல், இழுவிசைக்கு உரிய நாளில் உழவு. முதல் இரண்டையும் உலைக்களத்தின் தோய்ச்சல் ஒரே இரும்பில் நிறைவேற்றியது. மூன்றாவதை உழவரின் பட்டறிவு நிறைவேற்றியது. டிராக்டர் உழவு விசையின் தட்டுப்பாட்டைப் போக்கியுள்ளது. ஆனால் தேய்மானத்தை உணர்த்திய அறிகுறியை மறைத்துவிட்டது. கொத்தின் அடிப்புறத் தேய்வுப்பட்டையை அளந்து, அதற்குரிய மாற்று எல்லையை வட்டாரந்தோறும் வகுப்பதே அக்குறையை நிறைவு செய்யும் வழியாகும். ஆண்டுக்கு 700 மி.மீ. மழையை நம்பிய நிலத்தில், உழவின் ஆழம் ஒரு விரற்கடை குறைந்தாலும் அது நிலத்துக்குள் இறங்கும் நீரைப் பாதிக்கும்.